நிலவேம்பு, வெற்றிலை, மஞ்சள்: கிருமியைக் கொல்கின்றனவா என்று பள்ளியில் சோதிப்பது எப்படி?

படிவம்6_ஆசிரியர் | ஞாயிறு, இரவு 9.15

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 6 மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு ஆய்வுத் திட்டத்துக்கு மாணவர்கள் தாங்களாகவே ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். நிலவேம்பு, வெற்றிலை, மஞ்சள், மலாய்க்காரர்கள் கப்பால் தெர்பாங் என்று சொல்லும் காட்டுச்செடி ஆகிய நான்கின் சாறும் புண்ணில் பரவும் பாக்டீரியாவைக் கொல்கிறதா, உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறதா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள்.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊர் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், ஒரு மூலிகைப் பானம் விற்கிறார்கள். கிருமியை அழிக்கும், எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும் என்று புட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து தாமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்த குடும்பங்களில் பலரும் அதை வாங்குகிறார்கள். அத்துடன், ஒரு மாணவியின் தாத்தா செம்பனைக் குலை அறுப்பவர். காலில் முள் குத்திய இடத்தில் கப்பால் தெர்பாங் இலையைக் கசக்கிக் கட்டியிருக்கிறார். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டாள்.

பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டு ஊற்றும் வசதி, பிரஷர் குக்கர், எத்தனால் ஆகியவை பள்ளியில் இருக்கின்றன. முடிவை நம்பும்படியாக இதை எப்படிச் செய்வது? எதிர்ப்புச் சக்திப் பகுதியைப் பள்ளியில் செய்ய இயலுமா?

கிருமியியல்_பினாங்கு | ஞாயிறு, இரவு 10.40

ஐயா, நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள்தான். இப்போது பினாங்கில் கிருமியியல் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். மாணவர்கள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. ஆனால் எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் நான் முதலில் சொல்ல வேண்டும்.

புண்ணிலிருந்தோ கையிலிருந்தோ சாக்கடையிலிருந்தோ பாக்டீரியாவை எடுத்து வளர்க்காதீர்கள். புண்ணில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பள்ளி ஆய்வுக்கூடத்துக்கு உரியதன்று. அதற்குத் தனிப் பாதுகாப்புள்ள அறை வேண்டும். தீங்கற்ற பாசில்லஸ் சப்டிலிஸ் ஒன்று, ஈ.கோலையின் தீங்கற்ற கே-12 வகை ஒன்று, இந்த இரண்டும் போதும். முதலாவது, பாக்டீரியாவை இரு வகையாகப் பிரித்துக்காட்டும் கிராம் என்ற சாயத்தை ஏற்கும் வகை, இரண்டாவது ஏற்காத வகை. இரண்டாவதற்கு வெளியே இன்னொரு சவ்வு உண்டு. தாவரச் சாறுகள் பலவும் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். ஒன்றில் வளையம் தெரிந்து மற்றதில் தெரியாமல் போனால் அதுவே மாணவர்களுக்கு எழுதத்தக்க ஒரு முடிவு. தட்டுகளை 37 டிகிரியில் வைக்காமல் 25 முதல் 30 டிகிரிக்குள் வையுங்கள். மனித உடலின் சூட்டில் வளர விரும்பும் கிருமி ஏதேனும் தவறி நுழைந்திருந்தாலும் அது தழைக்காது.

முறைக்கு வருகிறேன். மருத்துவமனைகளில் பயன்படும் வில்லைச் சோதனையை 1966-இல் பாவரும் கர்பியும் அவர்களுடைய குழுவினரும் ஒரு சீரான முறையாக்கினார்கள். மியூலர்-ஹின்டன் அகாரை 4 மி.மீ. கனத்துக்கு ஊற்றி, கலங்கலை அளந்து சரிசெய்த பாக்டீரியா நீரை அதன்மேல் சீராகத் தடவி, சாறு ஏற்றிய 6 மி.மீ. வடிதாள் வில்லையை வைத்து, மறுநாள் அதைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்தின் விட்டத்தை அளப்பார்கள். வில்லையின் விட்டமும் அதில் சேர்ந்தே இருக்கும். ஆகவே 6 மி.மீ. என்று எழுதினால் விளைவு ஏதும் இல்லை என்று பொருள். பல பள்ளி அறிக்கைகளில் அதையே "லேசான பலன்" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்ததுதான் உயிர்நாடி. எத்தனாலில் சாறு எடுத்தால் அந்த எத்தனாலே பாக்டீரியாவைக் கொன்றுவிடும். எனவே ஒவ்வொரு தட்டிலும் சாறு இல்லாமல் எத்தனால் மட்டும் ஏற்றி, சாறு வில்லைகளைப் போலவே முழுக்க உலர்த்திய ஒரு வில்லை இருக்க வேண்டும். அதைச் சுற்றி வளையம் தெரிந்தால் அந்தத் தட்டைக் கணக்கில் சேர்க்கக்கூடாது. கூடவே ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் 10 மைக்ரோகிராம் ஏற்றிய வில்லை ஒன்றும் வேண்டும். அதைச் சுற்றி வளையம் வராவிட்டால் பாக்டீரியாவிலோ அகாரிலோ கோளாறு.

லிந்தாங்_மருமகள் | திங்கள், காலை 6.50

என் மாமியார் வீட்டில் நிலவேம்பை எத்தனாலில் ஊறவைத்து யாரும் குடிப்பதில்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கும் சேர்த்துக் கொதிக்கவைத்த குடிநீரைத்தான் காய்ச்சல் வந்தால் கொடுப்பார். ஒரே ஒரு இலையை எடுத்து, மருத்துவத்தில் இல்லாத ஒரு கரைப்பானில் ஊறவைத்து, "சித்த மருத்துவம் தோற்றுவிட்டது" என்றோ "வென்றுவிட்டது" என்றோ எழுதினால் இரண்டுமே பொய். பிள்ளைகள் எதைச் சோதிக்கிறார்கள் என்பது முதலில் தெளிவாகட்டும். எங்கள் வீட்டில் குடிப்பதையா, ஆய்வகம் வசதிக்காகச் செய்துகொள்வதையா?

தமிழ்நாட்டில் டெங்கு பரவிய காலத்தில் அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தது. அதையும் மறக்க வேண்டாம்.

கிருமியியல்_பினாங்கு | திங்கள், பகல் 1.20

அக்கா, நீங்கள் சொன்னது முற்றிலும் சரி. ஐயா, இதைத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்: வீட்டில் எப்படிக் காய்ச்சுகிறார்களோ அப்படியே காய்ச்சிய கசாயம் ஒரு பக்கம், எத்தனால் சாறு ஒரு பக்கம்.

கரைப்பான் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு வரலாறே இருக்கிறது. சீனாவின் தூ யூயூ மலேரியாவுக்குத் தாவர மருந்து தேடியபோது, கொதிக்கவைத்த சாறு சரியாக வேலை செய்யவில்லை. பழைய ஏட்டில் செடியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்ததைக் கண்டு, சூடு படாமல் ஈதரில் சாறு எடுத்தார். 1972-இல் ஆர்ட்டெமிசினின் பிரிந்து வந்தது. 2015-இல் நோபெல் பரிசு கிடைத்தது. மரபு வழி காட்டியது. சோதனை எந்தப் பொருள், எந்த அளவு என்பதைப் பிரித்துச் சொன்னது.

நிலவேம்பின் கசப்புக்கும் செயலுக்கும் முக்கியக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் அதிகம் கரையாது. அதனால் கசாயத்தில் பாக்டீரியா வளையமே வராமல் போகலாம். மஞ்சளின் குர்க்குமினும் தண்ணீரில் கரையாது, அகாரிலும் நகராது. வெற்றிலையில் இருக்கும் ஹைட்ராக்ஸிசாவிகால் என்ற ஃபீனால் வகைப் பொருள் பாக்டீரியாவை நன்றாகவே தாக்கும். நான்கில் வெற்றிலைதான் பெரிய வளையம் காட்டும் என்பது என் கணிப்பு. ஆனால் வளையத்தின் அளவு, பொருள் அகாரில் எவ்வளவு தூரம் ஊடுருவுகிறது என்பதையும் பொறுத்தது. 18 மி.மீ. காட்டிய சாறு 12 மி.மீ. காட்டியதைவிட வலிமையானது என்று எழுதிவிடக்கூடாது.

வலிமையை அறியத் தடுக்கும் குறைந்தபட்சச் செறிவைப் பார்க்க வேண்டும். சாற்றைக் குழாய்களில் பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தச் செறிவுவரை பாக்டீரியா வளராமல் நிற்கிறது என்று காண்பது. மஞ்சள், வெற்றிலைச் சாறுகளின் நிறத்தால் கலங்கலைக் கண்ணால் அறிய முடியாது. ரெசாசூரின் சாயம் சேருங்கள். உயிருள்ள பாக்டீரியா இருந்தால் நீலம் இளஞ்சிவப்பாகும்.

இந்த எண் கிடைத்ததும் மாணவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு சாற்றின் குறைந்தபட்சச் செறிவு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். வயதுவந்தவரின் இரத்தத்தில் ஏறக்குறைய 3 லிட்டர் பிளாஸ்மா (நீர்மப் பகுதி) இருக்கிறது. அதில் அந்தச் செறிவு வர, 15 கிராம் உலர்ந்த சாறு முழுவதும் குடலால் உறிஞ்சப்பட்டு, கல்லீரல் எதையும் சிதைக்காமல், சிறுநீரில் எதுவும் போகாமல் இரத்தத்திலேயே நிற்க வேண்டும். உலர்ந்த இலையிலிருந்து பத்தில் ஒரு பங்கு சாறு கிடைப்பதாகக் கொண்டால் 150 கிராம் உலர்ந்த இலை ஆகிறது. ஒரு குவளை கசாயத்தில் இது நடவாது. ஆகவே தட்டில் கொல்லும் சாறு, குடித்தால் உடலுக்குள் இருக்கும் கிருமியைக் கொல்லும் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். சாறு பல பொருள்களின் கலவை, அதில் வேலை செய்யும் பொருள் நூற்றில் ஒரு பங்காகவே இருக்கலாம் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் நியாயம். அந்த ஒரு பங்கைப் பிரித்தெடுத்தால் கதை மாறக்கூடும். மருந்துக் கண்டுபிடிப்பே அங்கேதான் தொடங்குகிறது.

தோலின் மேல் பூசும்போது நிலைமை வேறு. புண்ணின் மேற்பரப்பில் மில்லிகிராம் அளவுச் செறிவு எளிதாகக் கிட்டும். தாத்தாவின் இலைக்கட்டுதான் தட்டுச் சோதனைக்கு மிக அருகில் வருகிறது. கப்பால் தெர்பாங் செடியிலிருந்து எடுத்த சாற்றை வியட்நாமில் யூபோலின் என்ற பெயரில் புண்ணுக்கான களிம்பாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்தச் செடியில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு. ஆகவே குடிக்கக்கூடாது.

பழைய_டிரஸர் | திங்கள், இரவு 8.05

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக (மருத்துவ உதவியாளராக) இருந்து ஓய்வு பெற்றவன். ஆசிரியரே, ஆய்வு பிறகு நடக்கட்டும். அந்தத் தாத்தாவுக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்) உண்டா? இருந்தால் நாளை காலையே அவரை அரசு கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டணம். இலையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், செம்பனை முள் சின்னதாகக் குத்தி ஆழமாகப் போகும். வாய் மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் வைக்கும். கால் மரத்துப்போன இனிப்புநீர்க்காரருக்கு வலியே தெரியாது. வலி இல்லாததால் இலை குணப்படுத்திவிட்டது என்று நினைப்பார். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் வயதுவந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் மிக அதிகம். விரலை, பாதத்தை, முழங்காலுக்குக் கீழே எல்லாவற்றையும் இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் முதலில் செய்தது ஏதோ ஒன்றை அரைத்துப் பூசியதுதான்.

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவால் வரும் மெலியோய்டோசிஸ் நோயும் இங்கே உண்டு. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை ஆராய்ந்து எழுதினார்கள். இனிப்புநீர் உள்ளவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. சாதாரண ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு மசியாது. செஃப்டாசிடிம் போன்ற மருந்தைக் குறைந்தது 10 நாளாவது நரம்பில் ஏற்றி, பிறகு மூன்று மாதமாவது மாத்திரை கொடுப்பார்கள். எலிச் சிறுநீரால் வரும் லெப்டோஸ்பைரோசிஸ் இன்னொன்று. செம்பனைக் காட்டில் எலிக்குப் பஞ்சமில்லை. இவற்றுக்கெல்லாம் காய்ச்சல் கசாயம் குடித்து நாள் கடத்தினால் சிறுநீரகம் போகும், உயிரும் போகும்.

பறித்த இலையில் மண்ணும் டெட்டனஸ் வித்துகளும் இருக்கலாம். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

லிந்தாங்_மருமகள் | திங்கள், இரவு 8.40

டிரஸர் ஐயா, நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கிளினிக் இல்லாத காலத்தில் இந்த இலைகள்தாம் நம் பாட்டிமாரைக் காப்பாற்றின. அந்த அறிவை மூடநம்பிக்கை என்று பிள்ளைகள் நினைத்துவிடக்கூடாது என்பதே என் கவலை.

பழைய_டிரஸர் | திங்கள், இரவு 9.10

அம்மா, எங்கள் வீட்டிலும் பேறுகாலத்தில் மஞ்சளும் ஓமமும்தான். அதை நான் தள்ளவில்லை. இயற்கையானது ஒன்றும் செய்யாது என்ற எண்ணத்தைத்தான் தள்ளுகிறேன். சளி பிடித்த கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டும் வழக்கம் நம்மிடையே இருந்தது உங்களுக்கும் தெரியும். அப்படிக் கொடுத்த குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், மூச்சுவாங்கல், வலிப்பு எல்லாம் வந்ததை நம் மலேசிய மருத்துவர்களே 1981-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். இறந்த குழந்தைகளும் உண்டு. கொடுத்தவர்கள் அன்பால் கொடுத்தவர்கள். எது, யாருக்கு, எவ்வளவு என்று தெரிந்துகொள்வதுதான் பாட்டிமாருக்கு நாம் செய்யும் மரியாதை.

மருந்தாளர்_ஈப்போ | செவ்வாய், காலை 10.30

பாசார் மாலாம் புட்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மலேசியாவில் பதிவான பாரம்பரிய மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கங்களுக்குப் பிறகு டி (T) என்று முடியும் எண் இருக்கும். தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த எண்ணை இட்டுப் பார்க்கலாம். பதிவு என்றால் கன உலோகம், நுண்ணுயிர், கலப்பட மருந்து ஆகியவை வரம்பு மீறவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். நோயைக் குணப்படுத்துகிறது என்று நிரூபிக்கப்பட்டதாக ஆகாது. எண்ணே இல்லாவிட்டால் அந்தக் குறைந்தபட்சச் சோதனையும் நடக்கவில்லை.

எண் இல்லாத பொருள்களில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்தது இங்கே மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கிறது. அது வலியையும் வீக்கத்தையும் உடனே குறைக்கும், பசியைத் தூண்டும். குடித்தவர் தெம்பு வந்துவிட்டது என்று நம்புவார். உண்மையில் அது எதிர்ப்புச் சக்தியை அடக்கும், இரத்தச் சர்க்கரையை ஏற்றும். இனிப்புநீரும் காலில் புண்ணும் இருப்பவருக்கு இதைவிடக் கேடு வேறில்லை.

ஆய்வு_மாணவி | செவ்வாய், இரவு 11.25

நோய் எதிர்ப்பியலில் முதுகலை ஆய்வு செய்கிறேன். எதிர்ப்புச் சக்திப் பகுதியைப் பள்ளியில் செய்ய வேண்டாம் ஐயா. காரணத்தை மாணவர்களுக்கு விளக்கினால் அதுவே ஒரு நல்ல பாடமாகும்.

ஆய்வகங்களில் வழக்கமாக கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கு செல்களை எலியிலிருந்து எடுத்து வளர்த்து, அவற்றில் சாற்றைச் சேர்த்து, அவை எவ்வளவு நைட்ரிக் ஆக்சைடு சுரக்கின்றன என்று அளப்பார்கள். அளவு கூடினால் "எதிர்ப்புச் சக்தி தூண்டப்பட்டது" என்று எழுதுவார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. தோட்டத்தில் பறித்த இலையில் கிராம் சாயம் ஏற்காத பாக்டீரியாக்கள் நிறைய இருக்கும். அவற்றின் வெளிச்சவ்வில் உள்ள எண்டோடாக்சின் என்ற நச்சுப்பொருள் கொதிக்கவைத்தாலும் எளிதில் அழியாது. ஒரு மில்லிலிட்டரில் சில நானோகிராம் கலந்தாலே அந்தச் செல்கள் விழித்துக்கொள்ளும். காவல் நாய் குரைப்பதைக் கேட்பது போலத்தான் இது. திருடனைப் பார்த்துக் குரைக்கிறதா, தெருவில் போகிறவரைப் பார்த்தா என்பது சத்தத்தில் தெரியாது. மூலிகையின் ஆற்றல் என்று நாம் அளந்தது இலைமேல் இருந்த அழுக்கின் ஆற்றலாகவே இருந்துவிடலாம்.

இதைத் தவிர்க்க, சாற்றில் எண்டோடாக்சின் இருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அல்லது அதைப் பிடித்துவைக்கும் பாலிமிக்ஸின்-பி சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு முறை பார்க்க வேண்டும். எண்டோடாக்சின் சோதனைக்குப் பயன்படுவது பெலாங்காஸ் என்று நம் கடற்கரைகளில் கிடைக்கும் குதிரைலாட நண்டின் குருதியிலிருந்து எடுக்கும் பொருள். நண்டைத் துன்புறுத்தாமல் அதே புரதத்தை ஆய்வகத்தில் உண்டாக்கும் வழியைச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள். இதை வாசித்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

அதற்கு மேல், எதிர்ப்புச் சக்தி ஒரே எண்ணாக உயர்ந்து தாழும் ஒன்றில்லை. லூபஸ் என்ற நோய் உள்ளவருக்கு அது தன் உடலையே தாக்கிக்கொண்டிருக்கிறது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்கு அதை மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் "பெருக்கும்" என்று விற்பது ஆபத்து. மனிதரில் பார்க்க வேண்டுமென்றால், யாருக்கு மூலிகை, யாருக்குப் போலி மாத்திரை என்பது இரு தரப்புக்கும் தெரியாமல் கொடுத்து, எத்தனை பேருக்கு நோய் வந்தது, எத்தனை நாள் நீடித்தது என்று எண்ண வேண்டும்.

நிலவேம்புக்கு அப்படிப்பட்ட சோதனைகளும் நடந்திருக்கின்றன. 2017-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 33 சோதனைகளில் 7,175 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. சளி, தொண்டைவலி, இருமல் ஆகியவற்றுக்கு ஓரளவு நிவாரணம் தெரிந்தது. ஆனால் பெரும்பாலான சோதனைகளின் தரம் போதாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். கோவிட் காலத்தில் தாய்லாந்தில் செய்த ஒரு சிறு ஆய்வு, நிலவேம்பு நிமோனியாவைத் தடுப்பதாகச் சொன்னது. புள்ளியியல் கணக்கில் பிழை தெரிந்ததும் 2021-இல் ஆய்வாளர்களே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். லிந்தாங் அக்கா, தொண்டைவலிக்கு உங்கள் மாமியாரின் கசாயத்தில் பொருள் இருக்கலாம். அதைப் பாக்டீரியாத் தட்டில் தேடினால் கிடைக்காது.

படிவம்6_ஆசிரியர் | புதன், மாலை 5.30

அனைவருக்கும் நன்றி. தாத்தாவை இன்று காலை கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். சர்க்கரை அதிகம் இருந்ததாம். புண்ணைத் திறந்து சுத்தம் செய்து, டெட்டனஸ் ஊசி போட்டு, நாள்தோறும் கட்டுமாற்ற வரச் சொல்லியிருக்கிறார்கள்.

மாணவர்களுடன் அமர்ந்து திட்டத்தை மாற்றிவிட்டோம். எதிர்ப்புச் சக்தி என்ற சொல் தலைப்பிலிருந்து போய்விட்டது. நான்கு செடிகள், ஒவ்வொன்றுக்கும் நீர்க் கசாயமும் எத்தனால் சாறும், இரண்டு தீங்கற்ற பாக்டீரியா, ஒவ்வொரு தட்டிலும் இரண்டு ஒப்பீட்டு வில்லைகள், ஒவ்வொன்றும் மும்மூன்று தட்டுகள். வளையத்தை அளப்பவருக்கு எந்த வில்லையில் எது என்பது தெரியாதபடி எண் மட்டும் இடலாம் என்று மாணவி ஒருத்தி சொன்னாள். பிறகு வெற்றிலைக்கு மட்டும் குறைந்தபட்சச் செறிவு.

இரண்டு ஐயங்கள். செடி சரியானதுதான் என்று எப்படி உறுதி செய்வது? முடிந்த தட்டுகளை என்ன செய்வது?

கிருமியியல்_பினாங்கு | புதன், இரவு 9.50

எண் இடும் யோசனை சொன்ன பிள்ளைக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். ஆய்விதழ்களில் வரும் கட்டுரைகள் பலவற்றில்கூட அதைச் செய்வதில்லை.

செடிக்கு: பூவோடும் காயோடும் ஒரு கிளையைப் பறித்து, செய்தித்தாளுக்கிடையில் அழுத்தி உலர்த்தி, பறித்த இடத்தையும் தேதியையும் எழுதி வையுங்கள். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத் தாவரவியல் துறைகளிலும் உண்டு. அங்கே காட்டிப் பெயரை உறுதி செய்யலாம். கடையில் வாங்கிய பொடி வேண்டவே வேண்டாம். மருந்து தெளித்த செம்பனை வரிசை ஓரத்தில் பறித்த இலையும் வேண்டாம். களைக்கொல்லி பாக்டீரியாவையும் பாதிக்கக்கூடும்.

தட்டுகளுக்கு: பாக்டீரியா தடவி மூடிய பிறகு, காற்றுப் புகும்படி நான்கு இடத்தில் மட்டும் ஒட்டுநாடா போடுங்கள். வளையத்தை மூடியைத் திறக்காமல் அடிப்பக்கம் வழியாகவே அளக்க வேண்டும். முடிந்ததும் சூடு தாங்கும் பையில் போட்டு, பிரஷர் குக்கரில் 15 பவுண்டு அழுத்தத்தில், அதாவது 121 டிகிரியில், 20 நிமிடம் வையுங்கள். முதலில் காற்று முழுவதும் வெளியேறி நீராவி சீராக வந்த பிறகுதான் எடையைப் போட்டு நேரத்தைக் கணக்கிட வேண்டும். பையின் வாயை இறுகக் கட்டினால் நீராவி உள்ளே போகாது, தளர்த்தி மடித்தால் போதும். ஆறியபின் கட்டிக் குப்பையில் போடலாம். அந்தக் குக்கரைப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஆய்வுக்கூடத்துக்கென்றே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கே-12-உம் சப்டிலிஸும் வாங்குவதற்கான விண்ணப்பத்தைப் பள்ளித் தலைப்புத் தாளில் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் எழுதி வையுங்கள். எங்கே, எப்படி அனுப்ப வேண்டும் என்பதைத் தனிச்செய்தியில் சொல்கிறேன்.